நாலாவது பத்தியை வாபஸ் வாங்குங்கள்: எங்கள் அபார்ட்மென்ட் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் மேடம், செகரட்டரி சார், கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன மாதம் லிஃப்ட்டுக்குள் ஒட்டினீர்களே ஒரு சுற்றறிக்கை, அதன் நாலாவது பத்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "வளாகத்துக்குள் வாகனங்களை உரிமையாளர்கள் தாங்களாகவே பழுது பார்ப்பதோ, பாகங்களைக் கழற்றுவதோ, மாற்றி அமைப்பதோ கூடாது. மீறினால் ரூ. 2,000 அபராதம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் ஊழியர்களுக்கு இது பொருந்தாது." இதைப் பற்றி இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், ஒரு தடவை ஆபீஸ் ரூமுக்கே வந்து பேசினேன். "பார்க்கலாம் சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். நம் குடியிருப்பின் பெயரையோ, உங்களில் யாருடைய பெயரையோ எங்கேயும் சொல்லப்போவதில்லை. சென்னை மடிப்பாக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதே மாதிரி நோட்டீஸ் வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் ஒட்டியிருக்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அவர்களுக்கும் பயன்பட்டால் சரி.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிசிடிவியில் தெரிவது பாதிதான்.

காலை ஏழரை மணி. என் 2006 சான்ட்ரோவின் முன்பக்க இடது சக்கரம் கழன்று கிடக்கிறது. ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்திருக்கிறேன். ஒரு வாரமாகவே பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம். சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது பேட், அது தேய்ந்துபோனால் அதிலிருக்கும் ஒரு சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும், கத்தட்டும் என்றே வைத்தது. கழற்றிப் பார்த்தால் உள்பக்கப் பேடில் இரண்டு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. புது பேட் செட் பக்கத்தில் தினத்தாள் மேல் தயாராக இருக்கிறது. பேடை அழுத்துகிற காலிப்பரின் கீழ் போல்ட்டை எடுத்து மேலே மடக்கி, சி-கிளாம்ப் போட்டு அதன் பிஸ்டனை உள்ளே தள்ளி முடித்த நேரத்தில் வாட்ச்மேன் அண்ணன் வந்து நின்றார். கையில் போன், போனில் உங்கள் சுற்றறிக்கையின் போட்டோ.

"சார், உடனே நிறுத்தச் சொல்றாங்க."

நாற்பது நிமிஷம் கொடுங்கள், மாட்டிவிட்டு மூடிவிடுகிறேன் என்றேன். அவர் மேலே பால்கனியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ரெண்டாயிரம் சார், எனக்கு வேலை" என்றார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அவரிடம் நான் என்ன வாதம் பண்ண முடியும்? வலது பக்கத்தை விட்டுவிட்டு ஒரு பக்கம் மட்டும் புது பேட் போட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் தேய்ந்த பழைய பேடையே திரும்ப மாட்டினேன். தெரிந்தே, தேய்ந்த பேடை, என் கையாலேயே. பத்து வருஷமாக இந்த வேலையைச் செய்கிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு பெடலை ஏழெட்டுத் தடவை மிதித்து அதைத் திரும்ப வெளியே வரவைக்க வேண்டும். அவசரத்தில் அதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் மிதியில் கால் அடிவரைக்கும் போகும், வண்டி நிற்காது. நம் கேட்டைத் தாண்டினால் ஸ்கூல் ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கும் தெரு. எனக்குத் தெரியும், மிதித்தேன். பதற்றத்தில் இருக்கிற வேறொருவர் மிதிப்பாரா? பாதுகாப்புக்காகத்தான் தடை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி பிரேக் வேலையில் ஒருத்தனை எழுப்பிவிடுவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று தயவுசெய்து யோசியுங்கள்.

அபராத ரசீது மறுநாள் வந்தது. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். பேட் செட் நான் வாங்கி வைத்திருந்தது 1,150 ரூபாய். "வெளியில் வாங்கின பார்ட்ஸ் போட மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பேட், அவர்கள் லேபர், கூடவே நான் கேட்காத திராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநாசினி எல்லாம் சேர்த்து பில் 6,380 ரூபாய். உங்கள் இரண்டாயிரத்தையும் சேர்த்தால் 8,380. ஒரு ஜோடி பிரேக் பேடுக்கு.

காசைப் பற்றி மட்டும் பேசினால் இது கஞ்சத்தனம் என்று ஆகிவிடும், ஒரு கமிட்டி உறுப்பினர் அப்படித்தான் சொன்னாராம். சரி, கஞ்சன்தான். ஆனால் காசுக்காக மட்டும் யாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிமென்ட் தரையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு படுக்க மாட்டார்கள். மூன்றாவது மாடி மாமியின் காரில் நடந்ததைச் சொன்னால் புரியலாம். ஏசி போட்டால் ஒரு மக்கின வாடை வருகிறது என்றார். இரண்டு மாதம் முன்னால்தான் சர்வீஸ் விட்டது, பில்லில் "ஏசி ஃபில்டர் மாற்றப்பட்டது" என்று 740 ரூபாய் போட்டிருந்தது. குளோவ் பாக்ஸை இரண்டு பக்கமும் அழுத்தி இறக்கினால் பின்னால் ஒரு மூடி, அதை இழுத்தால் ஃபில்டர். ஸ்பேனர்கூட வேண்டாம். இழுத்தேன். கரியாக ஒன்று வந்தது, மடிப்புக்கு மடிப்பு காய்ந்த வேப்பிலை, எலி முடி, ஒரு மூலையில் எலிப் புழுக்கை. இரண்டு மாதத்தில் அது அப்படி ஆக வாய்ப்பே இல்லை, வண்டி வாங்கின நாளிலிருந்து உள்ளேயே இருந்திருக்கிறது. மாமி ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஃபில்டரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பில்லையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். 740 ரூபாய் திரும்ப வந்தது. அடுத்த ஃபில்டரை மாமியே மாற்றினார், நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். உங்கள் நாலாவது பத்தியின்படி மாமியும் குற்றவாளி.

அப்புறம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகளில் இங்கே இருந்த யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2015 வெள்ளத்தில் பட்ட அனுபவத்தில் சிலர் முந்தின நாளே வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். நம்மில் பாதிப் பேர் அசட்டையாக இருந்துவிட்டோம், நானும்தான். பார்க்கிங்கில் தண்ணீர் இடுப்பளவு. வடிந்த அன்று காலை நான் செய்த முதல் காரியம், படியேறி ஒவ்வொரு கதவாகத் தட்டி, "சாவியைத் தொடாதீர்கள், ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்காதீர்கள்" என்று சொன்னது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுற்றவிட்டால், காற்றை அழுத்துகிற மாதிரி தண்ணீரை அழுத்த முடியாது, பிஸ்டனைத் தாங்குகிற கம்பி வளைந்துபோகும். வளைந்தால் இன்ஜினையே பிரித்தாக வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துக் கெட்டதென்றால், இன்ஜினுக்கென்று தனியாக ஆட்-ஆன் எடுக்காத பாலிசியில் கிளெய்ம் கிடைப்பது குதிரைக் கொம்பு. நான் போய்ச் சேருவதற்குள் இரண்டு பேர் சாவியைத் திருகிவிட்டார்கள். அவர்கள் செலவு என்னவென்று அவர்களைக் கேட்டாலே தெரியும்.

மற்ற பதினோரு வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றினோம். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்தோம். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் டிகாஷனில் பால் விட்ட நிறத்தில் இருந்தது, ஆறு வண்டிகளில் அதை வடித்தோம். வடித்த அத்தனையையும் பழைய தண்ணீர் கேன்களில் பிடித்து வைத்தோம், ஒரு சொட்டு தெருவில் விடவில்லை. சர்வீஸ் சென்டர்களின் டோ வண்டிக்கு ஐந்து நாள், ஒரு வாரம் என்று காத்திருந்த நேரம் அது, கரன்ட்கூட வரவில்லை, நான்கு நாள் அந்தப் பார்க்கிங்கில்தான் இருந்தேன். இரண்டாவது மாடித் தம்பி டார்ச் பிடித்தான், மாமி தம்ளர் தம்ளராக டீ அனுப்பினார். இப்போது சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கும் ஒருவரின் வண்டியும் அந்தப் பதினொன்றில் உண்டு. சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்லிக்காட்டத்தான். அடுத்த மாதம் பொங்கல் விழாவில் இதே அசோசியேஷன் எனக்குப் பொன்னாடை போர்த்தியது, இன்னும் பீரோவில் இருக்கிறது. அன்றைக்கு இந்த நாலாவது பத்தி இருந்திருந்தால் பதினோரு வண்டிக்கு 22,000 ரூபாய் கட்டியிருக்க வேண்டும்.

நீங்கள் ஏன் இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்று புகார்.

ஒன்று சத்தம். அதே டார்ச் பிடித்த தம்பிதான். பைக்கின் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கினது ஒன்றை மாட்டி, ராத்திரி பதினொன்றரைக்கு ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு உள்ளே வந்தான். பி பிளாக்கில் மூன்று மாதக் குழந்தை. கோபம் வந்தது நியாயம்தான், எனக்கும் வந்தது. வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று பையன்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதையெல்லாம் அவனிடம் உட்கார்ந்து பேசினேன். ஒரே சாயங்காலத்தில் பழைய சைலன்ஸரைத் திரும்ப மாட்டினோம். எங்கே மாட்டினோம்? இதே பார்க்கிங்கில்தான். தடை அப்போது இருந்திருந்தால் அந்தச் சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

அவனைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு முழுசாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷம் முன்னால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு உதிரிபாகக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு, 60/55 வாட் ஹெட்லைட் பல்புக்குப் பதிலாக 100/90 போட்டேன், கூடுதல் கரன்ட்டைத் தாங்க வேண்டிய ரிலே இல்லாமல். ஈசிஆரில் ஒரு வாரம் ராஜா மாதிரி போனேன், எதிரில் வந்தவர்கள் என்னென்ன திட்டினார்களோ. எட்டாவது நாள் பிளாஸ்டிக் கருகுகிற வாடை, பிரித்துப் பார்த்தால் ஹோல்டர் உருகிப்போய் பல்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றோடு அந்த ஆசை போயிற்று. இப்போது என் வண்டியில் நான் சேர்த்தவை ரிவர்ஸ் கேமரா, கதவுக்குள் சத்தம் குறைக்கும் ஷீட், ஃபியூஸ் போட்ட ஒரு சார்ஜர் பாயின்ட், இவ்வளவுதான். எப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போனாலும் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. 2021இல் பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போனபோது கேட்கவும் இல்லை.

இரண்டாவது புகார், தரையில் ஆயில் கறை. ஏ பிளாக் பக்கம் தூணுக்குக் கீழே பெரிதாக ஒன்று இருக்கிறதே, அதைத்தான் பொதுக்குழுவில் போட்டோவாகக் காட்டினீர்கள். அது என்னுடையது இல்லை. "வீட்டுக்கே வந்து சர்வீஸ்" செய்கிற ஒரு கம்பெனியின் பையன்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து டிரே கூட வைக்காமல் டிரெயின் போல்ட்டைத் திருகின நாளில் வந்தது, சிசிடிவி இருந்தால் எடுத்துப் பாருங்கள். உங்கள் சுற்றறிக்கையின்படி அவர்களுக்கு அனுமதி உண்டு, எனக்குக் கிடையாது. யூனிஃபார்ம் போட்டிருந்தால் ஆயில் கறைபடாது போலிருக்கிறது. பழைய ஆயில் என்பது 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி கண்டபடி கொட்டக்கூடாத பொருள். என் வண்டியில் சுமார் மூன்று லிட்டர் இறங்கும். அகலமான டிரேயில் பிடித்து, கேனில் ஊற்றி, மூடி போட்டு, மேலே தேதி எழுதி, இரண்டு கேன் சேர்ந்ததும் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் பட்டறையில் கொடுத்துவிடுவேன், அவரிடம் வந்து எடுத்துப் போகிறவர் உண்டு. நம் தெரு மழைநீர் வடிகால் எங்கே போகிறது? பள்ளிக்கரணைக்கு. உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது. அதில் ஆயில் விடுகிறவன் நான் என்று எழுதினீர்களே, அதுதான் ரொம்ப வருத்தம்.

போன வெயிலில் "சி பிளாக் 14ஆம் பார்க்கிங்கில் ஏதோ லீக் ஆகிறது, ஆபத்து" என்று குரூப்பில் போட்டோ வந்ததே, அது ஏசி தண்ணீர். ஏசி ஓடினால் முன்பக்கம் கீழே தண்ணீர் சொட்டும், சொட்டாவிட்டால்தான் பிரச்சினை. ஆனால் கூலன்ட் லீக் ஆனால் நிஜமாகவே கவனிக்க வேண்டும், அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், பூனையும் நாயும் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். நம் பார்க்கிங்கில் எத்தனை பூனை என்று உங்களுக்கே தெரியும். பச்சையாகவோ சிவப்பாகவோ தேங்கியிருந்தால் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும் என்று நான் எழுதின குறிப்பை யாரோ நோட்டீஸ் போர்டிலிருந்து கிழித்துவிட்டார்கள். அது இருக்கட்டும்.

மூன்றாவது, வீடியோ. "வளாகத்தைப் படமெடுத்து இணையத்தில் போடுகிறார்" என்று. படத்தில் தெரிவது என் கை, போல்ட், கொஞ்சம் பனியன் வேஸ்ட். பக்கத்து வண்டி நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டுத்தான் போடுவேன், முகம் எதுவும் வராது. நான் கற்றுக்கொண்டதே அப்படித்தான். சான்ட்ரோவின் கிளட்ச் கேபிளை எப்படிச் சரிசெய்வது என்று ஒரு கேரளாக்காரர் போட்ட வீடியோவைப் பாதி மலையாளம் புரியாமல் பதினைந்து தடவை பார்த்துச் செய்தேன். இப்போது நான் போடுவதைப் பார்த்துத் தூத்துக்குடியில் ஒரு தம்பி அவன் அப்பாவின் டாக்ஸிக்கு பேட்டரி டெர்மினல் சுத்தம் செய்திருக்கிறான். வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது, வெந்நீரும் சமையல் சோடாவும் போதும் என்று சொல்லியிருந்தேன். புது பேட்டரிக்கு நாலாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருந்தார்களாம். கட்டடம் தெரிவதுதான் பிரச்சினை என்றால் சொல்லுங்கள், சுவர் தெரியாமல் பின்னால் ஒரு துணியைக் கட்டிக்கொள்கிறேன்.

பார்க்கிங் பொது இடம், உங்கள் சொந்த ஷெட் இல்லை என்று ஆபீஸ் ரூமில் சொன்னீர்கள். ஒத்துக்கொள்கிறேன். கட்டடத்துக்குக் கீழே தூண்களுக்கு நடுவில் இருக்கிற ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடம், பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பே கொடுத்திருக்கிறது. பொது இடம் என்றால் உங்களுக்கு இருக்கிற பங்கு எனக்கும் இருக்கிறது, விதி போடுவதானால் பொதுக்குழுவில் வைத்துத்தானே போட வேண்டும்? நாலாவது பத்தி எந்தப் பொதுக்குழுவிலும் வாக்குக்கு வரவில்லை. கறை படிந்த போட்டோ வந்தது, எல்லாரும் உச்சுக்கொட்டினோம், அவ்வளவுதான். அடுத்த வாரம் லிஃப்ட்டில் நோட்டீஸ்.

வண்டி வைத்திருப்பவன் தானே பழுது பார்க்கலாமா என்பது நம் அபார்ட்மென்ட் பஞ்சாயத்து மட்டும் இல்லை. உதிரிபாகமும் பழுது கண்டுபிடிக்கும் கருவியும் வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்றே ஒரு தளம் திறந்தது. அங்கே கம்பெனிகளைப் பார்த்து "திறந்து விடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே நம் அசோசியேஷன் பானட்டையே மூடச் சொல்கிறது.

எல்லா வேலையையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. ஏர்பேக் பக்கம் நான் கையே வைக்க மாட்டேன். ஏசி கேஸ், பெட்ரோல் டேங்க், டைமிங் பெல்ட் எல்லாம் மெக்கானிக் அண்ணனிடம்தான். வெல்டிங், பெயின்ட் ஸ்ப்ரே இரண்டையும் பார்க்கிங்கில் யார் செய்தாலும் முதல் புகார் நானே கொடுப்பேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுகிறவனை நான் காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறேன், நிஜமாகவே, ஏ பிளாக் சாரைக் கேளுங்கள். எது செய்யலாம், எது கூடாது என்று ஒரு பக்கத்துக்கு எழுதினால் போதும். அதைச் செய்யாமல் ஸ்பேனரைத் தொட்டாலே தப்பு என்று மொத்தமாக மூடிவிட்டீர்கள். டயர் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாற்றுவதுகூட "பாகங்களைக் கழற்றுவது" தானே? வைப்பர் பிளேடு? மழைக்காலம் வருகிறது.

நான் கேட்பவை இவை.

நாலாவது பத்தியை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள், அடுத்த பொதுக்குழுவில் வாக்குக்கு விடுங்கள். அதில் நான் தோற்றால் தோற்றதுதான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குள் விதிகளின் வரைவு ஒன்றை நானும் இன்னும் நாலு பேரும் எழுதித் தருகிறோம். ஞாயிறும் விடுமுறை நாளும் காலை எட்டிலிருந்து மதியம் ஒன்று வரைக்கும்தான் வேலை, இன்ஜினை ஓடவிடுவது ஐந்து நிமிஷத்துக்கு மேல் கூடாது, டிரே இல்லாமல் ஆயில் போல்ட்டைத் தொடக்கூடாது, பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும் என்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து சர்வீஸ் செய்கிற கம்பெனிக்காரர்களுக்கும் அதே விதிதான், அவர்களுக்கு விதிவிலக்கு கூடாது. கறை பண்ணினவர் யாராக இருந்தாலும் அவரே சுத்தம் செய்து தர வேண்டும். ஏ பிளாக் கறையை நானே இந்த வாரம் மரத்தூள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடுகிறேன், என்னுடையது இல்லை என்றாலும்.

ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால், செப்டிக் டேங்க் மூடி தாண்டி, யாரும் வண்டி விடாத ஒரு மூலை இருக்கிறது. அதை ஞாயிறு காலையில் மட்டும் வேலைக்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். பழைய ஆயிலுக்கு மூடி போட்ட ஒரு டிரம் வாங்கி வைக்கிறோம், செலவு எங்களுடையது. அதை எடுத்துப்போக அங்கீகாரம் உள்ளவரை அசோசியேஷன் பெயரில் ஏற்பாடு செய்துகொடுங்கள், ஏனென்றால் ஒரு வீட்டுக்காரனின் ஐந்து லிட்டருக்கு யாரும் வர மாட்டார்கள்.

விதி எதுவாக இருந்தாலும், சக்கரம் கழன்று நிற்கிற வண்டியில் வேலையைப் பாதியில் நிறுத்தச் சொல்லக்கூடாது என்று ஒரு வரி வேண்டும். முடிக்கட்டும், அப்புறம் நோட்டீஸ் கொடுங்கள். வாட்ச்மேன் அண்ணனை இதில் இழுக்காதீர்கள், கமிட்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து சொல்லட்டும்.

என் 2,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். மூன்றாவது மாடித் தாத்தாவுக்கு அவருடைய ஸ்கூட்டர் பிளக்கைச் சுத்தம் செய்ததற்காகப் போட்ட 2,000த்தையும். அவருக்கு 71 வயது, அந்த ஸ்கூட்டரை 34 வருஷமாக அவரேதான் பார்த்துக்கொள்கிறார், ரசீதை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்.

பதில் எழுத்தில் வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள். வண்டியின் பின்பக்க டிரம்மில் பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, ஸ்டாண்ட், செங்கல், டிரே எல்லாவற்றோடும் என் பார்க்கிங்கில்தான் இருப்பேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சி பிளாக், முதல் மாடியிலிருந்து
அந்த வெள்ளை சான்ட்ரோக்காரன்